உள்ளங்கால் மண்டலத்தை அழுத்தினால் வலிக்கிறது: அது உறுப்பின் வலியா, பாதத்தின் வலியா?

வேர்க்கால்

வணக்கம். ரிஃப்ளெக்ஸாலஜி (பாதத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மண்டலம் உண்டு என்று வைத்து, அதை அழுத்தும் சிகிச்சை முறை) பயில்பவர்களுக்கு "வலிக்கிற மண்டலத்துக்குரிய உறுப்பு பலவீனமாக இருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். ஆனால் சிறுநீரகம் என்று குறித்த இடத்தை அழுத்தும்போது, ரத்தம், சிறுநீர் எல்லாப் பரிசோதனையும் சரியாக உள்ளவர்களும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்கள். சிறுநீரக நோய் உறுதியானவர்களில் பலர் அதே இடத்தில் எதையும் உணர்வதில்லை. இடது காலில் மட்டும் வலி, அழுத்தக் குச்சி வைத்தால் மட்டும் வலி என்றெல்லாம் வேறுபாடும் உண்டு.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் அடியில் உண்மையில் என்ன இருக்கிறது, வலிக்கு என்னென்ன காரணம் இருக்கலாம், கை வைத்துப் பிரித்தறிவது எப்படி என்று தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் பலருக்கும் உதவும்.

தசைநாண் (இயன்முறை மருத்துவம்)

நல்ல கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலுக்கு நேர் கீழே உள்ள தோல், கொழுப்பு, சவ்வு, தசை, நரம்பு, எலும்பு ஆகியவற்றைச் சோதித்து முடிக்காமல் தூரத்து உறுப்பின் பெயரை எடுக்கவே கூடாது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். போதாததற்குப் பெருவிரல் அடியில் பட்டாணி அளவில் இரண்டு சிற்றெலும்புகள். வலிக்க இவ்வளவு இடம் அங்கேயே இருக்கிறது.

நீங்கள் கேட்ட சிறுநீரகப் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்காலின் நடுக்குழியில் தோலுக்குக் கீழே பிளான்டர் ஃபேஷியா என்ற தடித்த சவ்வின் நடுப்பட்டை ஓடுகிறது. அதற்கும் கீழே விரல்களை மடக்கும் குட்டைத்தசை, இன்னும் ஆழத்தில் கெண்டைக்காலிலிருந்து வரும் நீளத் தசைநாண்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு இந்த அடுக்குகளில் ஏதாவது ஒன்று இறுகித்தான் இருக்கும். எது என்று பிரிக்க எளிய வழி உண்டு. முதலில் பாதத்தைத் தளர்வாக வைத்து அழுத்துங்கள். பிறகு ஐந்து விரல்களையும் மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, அதே இடத்தில் அதே அளவு அழுத்துங்கள். சவ்வு விறைத்து நிற்கும்போது வலி கூடினால் சவ்வின் வலி. விரல்களைத் தளரவிட்டு, "என் கையை எதிர்த்து விரலை மடக்குங்கள்" என்று சொல்லும்போது கூடினால் மடக்கும் தசையின் வலி. இரண்டிலும் மாற்றமில்லாமல் ஆழத்தில் ஒரே புள்ளியில் குத்தினால் மூட்டையோ எலும்பையோ சந்தேகிக்க வேண்டும்.

முதுகெலும்பு மண்டலம் என்று சொல்லும் உள்விளிம்பு அடுத்தது. கணுக்கால் உள்முட்டுக்கு முன்னால், சற்றுக் கீழே தட்டுப்படும் மேடு நாவிக்குலர் எலும்பு. கால் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் பின்புறத் தசைநாண் வந்து ஒட்டும் இடம் அதுதான். நூற்றில் பத்துப் பேர் அளவுக்கு அங்கே கூடுதலாக ஓர் எலும்புத் துண்டு பிறவியிலேயே இருக்கும். காலணி உரசினாலே வலிக்கும். இதைப் பார்த்துவிட்டு "இடுப்பு முதுகெலும்பில் கோளாறு" என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று யோசியுங்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை, அல்லது தூக்கும்போது குதிகால் உள்பக்கம் திரும்பவில்லை என்றால் அந்தத் தசைநாண் நைந்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் வளைவு சரிந்து தட்டைப்பாதம் ஆகிவிடும்.

தசைநாண் (தொடர்ச்சி)

நுரையீரல், மார்பு மண்டலம் என்பது விரல்களுக்குக் கீழே உள்ள மெத்தைப் பகுதி. அங்கே ஐந்து விரலடி எலும்புகளின் தலைகள் வரிசையாக நிற்கின்றன. குதிகால் உயர்ந்த காலணி போடுபவர்களுக்கும், இரண்டாம் எலும்பு பெருவிரல் எலும்பைவிட நீண்டிருப்பவர்களுக்கும் இரண்டாம், மூன்றாம் தலைகள் மேல் பாரம் குவியும். அடியில் தோல் காய்த்திருந்தால் அதுவே சாட்சி. எலும்புத் தலையின் மேல் அழுத்தினால் வலியா, இரண்டு தலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் வலியா என்று பிரித்துப் பாருங்கள். பள்ளத்தில், குறிப்பாக மூன்றாம் நான்காம் விரல்களுக்கு நடுவே, சுரீரென்று விரல் நுனிவரை மின்சாரம் போல ஓடினால் அது மார்ட்டன் நியூரோமா, அதாவது விரலிடை நரம்பைச் சுற்றிய தடிப்பு. முன்பாதத்தை இருபக்கமும் ஒரு கையால் நெருக்கி, மறு கையால் அந்த இடுக்கை அடியிலிருந்து அழுத்தினால் சிலருக்கு 'க்ளக்' என்று நழுவும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வரைபடங்களில் இடது காலின் இதயப் புள்ளி இந்த இடுக்கை ஒட்டித்தான் வருகிறது. வலித்ததும் "இதயத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால், வந்தவர் அன்றிரவு தூங்க மாட்டார். நிஜமான இதய அடைப்பு பாதத்தில் தெரிவதில்லை. நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று வரும். அப்போது எந்தப் புள்ளியையும் அழுத்திக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பாதத்தின் மேற்புறத்திலிருந்து விரலடி எலும்பின் தண்டை அழுத்தும்போதும் வலித்து, லேசான வீக்கமும் இருந்தால் உளைச்சல் முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் மெல்லிய கீறலாக இருக்கலாம். நடை தூரத்தைத் திடீரென்று கூட்டியவர்களுக்கு வரும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், ஆகையால் "எக்ஸ்ரே சரி" என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்க்கத் தொடங்க வேண்டாம்.

மெல்லழுத்தம் (ரிஃப்ளெக்ஸாலஜி பயிற்றுநர்)

தசைநாண் சொல்வதோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. வரைபடத்தை நான் சிகிச்சை கொடுக்கும் வரிசைக்காக வைத்திருக்கிறேன், நோய் சொல்ல அல்ல. அதன் வரலாறும் அப்படித்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலை நீளவாக்கில் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். உறுப்பு உறுப்பாகப் பாதத்தில் குறித்தது 1930களில் யூனிஸ் இங்ஹாம். அதன் பிறகு வந்த பள்ளிகள் ஒவ்வொன்றும் புள்ளிகளைச் சற்று நகர்த்தின. தைராய்டு ஒரு படத்தில் பெருவிரலின் அடிமடிப்பில் இருக்கும், இன்னொன்றில் அதற்குக் கீழுள்ள மேட்டில் இருக்கும். படமே ஒத்துப்போகாதபோது வலியை வைத்து உறுப்பைத் தீர்மானிப்பது நியாயமில்லை.

நான் எழுத விரும்புவது அழுத்தத்தைப் பற்றி. மண்டல வலிகளில் கணிசமானவை நம் கையால் உண்டாக்கியவை. கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் சுமார் 4 கிலோ விசை. கட்டைவிரல் தொடும் பரப்பின் விட்டம் ஏறக்குறைய 15 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விசையை 5 மி.மீ. முனையுள்ள மரக்குச்சியால் கொடுத்தால் விட்டம் மூன்றில் ஒன்று, பரப்பு ஒன்பதில் ஒன்று. ஆக, தோலின் மேல் ஒன்பது மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் வலிக்காத பாதம் ஏது? "குச்சி வைத்தால் மட்டும் வலி" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். குச்சி கண்டுபிடிப்பது நோயை அல்ல, தன் முனையை. சோதிக்கும்போது குச்சியைத் தொடாதீர்கள்.

இன்னும் சில பிழைகள்: நகத்தை ஒட்ட வெட்டாமல் விரல் நுனியால் குத்துவது, எண்ணெய் இல்லாமல் தோலை இழுப்பது, எண்ணெய் அதிகமாகி விரல் வழுக்கி எலும்பு விளிம்பில் இடிப்பது, குளிர்ந்த பாதத்தில் உடனே ஆழமாக இறங்குவது. ஐந்து நிமிடமாவது இரு கைகளாலும் பாதத்தைத் தளர்த்தி, கணுக்காலைச் சுழற்றி, சூடேறிய பிறகுதான் புள்ளிக்குப் போக வேண்டும். ஒரே புள்ளியில் நாலைந்து முறை இறங்கினால் ஆறாம் முறை எந்தத் தசையும் நோகும். அதைப் பதிவில் ஏற்றக்கூடாது.

ஆலமரம்

மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி வலிப்பதைப் பல சிகிச்சையாளர்கள் சொல்கிறார்கள். எல்லாரும் தவறாகவா சொல்வார்கள்? இதய வலி கையில் தெரிவதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறதே, பாதத்தில் ஏன் தெரியக்கூடாது?

நரம்புத்தடம்

கோபிக்க என்ன இருக்கிறது ஆலமரம் ஐயா, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இதய வலி கையில் தெரிவதற்குக் காரணம், இரண்டின் உணர்வு நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்வது. இதயத்தின் நரம்புகள் மேல்மார்புப் பகுதியில் நுழைகின்றன, கையின் உள்பக்கத்து நரம்பும் அங்கேதான். மூளைக்கு எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. சிறுநீரகத்தின் நரம்புகள் கீழ்மார்பு, முதல் இடுப்பு மட்டத்தில் நுழைகின்றன. அதனால்தான் கல் வலி விலாவிலிருந்து தொடை இடுக்குவரை இறங்குகிறது. உள்ளங்காலின் நரம்போ நாலாம் இடுப்பு மட்டத்திலிருந்து திருவெலும்பு (இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் அடிப்பகுதி) மட்டம்வரை உள்ள வேர்களிலிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் மட்டம் இல்லை. கல் வலி உள்ளங்காலின் நடுவில் போய் உட்காரப் பாதை கிடையாது.

"வலித்தது, கல்லும் இருந்தது" என்பதில் எண்ண வேண்டியவர்கள் நாலு வகை. வலித்துக் கல் இருந்தவர், வலித்துக் கல் இல்லாதவர், வலிக்காமல் கல் இருந்தவர், இரண்டும் இல்லாதவர். நினைவில் நிற்பது முதல் வகை மட்டும். நோய் விவரத்தை மறைத்து நடத்திய ஆய்வுகளில் பாதத்தைத் தொட்டுச் சொன்னதும் மருத்துவக் கண்டறிதலும் பொருந்தவில்லை. சிகிச்சைப் பலனைப் பொறுத்தவரை, மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்ஸார்டு எர்ன்ஸ்ட் 2009இல் 18 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் நம்பும்படியான சான்று இல்லை என்றே எழுதினார். மனம் தளர்வது, நல்ல தூக்கம் வருவது எல்லாம் வேறு. அதை யாரும் மறுக்கவில்லை.

நேர்மையாக ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பையின் நரம்புகள் திருவெலும்பு மட்டத்தில் உள்ளங்கால் நரம்போடு ஓரளவு மட்டத்தைப் பகிர்கின்றன. அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வரும் தொல்லைக்கு, உள்கணுக்காலுக்கு மேலே சுமார் 5 செ.மீ. உயரத்தில் மெல்லிய ஊசி செருகி, வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம் என்று 12 வாரம் மின்தூண்டல் கொடுக்கும் முறை மருத்துவமனைகளில் இருக்கிறது. அது நரம்பைத் திட்டமிட்டுத் தூண்டுவது. அங்கே அழுத்தினால் வலிப்பதை வைத்துப் பையில் நோய் என்று அதுவும் சொல்வதில்லை.

ஆலமரம்

அந்த நாலு வகைக் கணக்கு மனதில் பதிந்தது. வலிக்காமல் கல் இருந்தவர்களை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. நன்றி.

வேர்க்கால்

கணுக்காலைச் சுற்றிய மண்டலங்கள்? உள்பக்கம் கர்ப்பப்பை, புராஸ்டேட். வெளிப்பக்கம் சினைப்பை, விரை. இங்கே மெல்லத் தொட்டாலே பலர் துள்ளுகிறார்கள். அத்துடன் அழுத்தும்போது மணல் போல நெருநெருவென்று படுவதை "யூரிக் அமிலப் படிகம், உடைத்துவிட வேண்டும்" என்கிறார்களே?

நரம்புத்தடம்

உள்கணுக்கால் முட்டுக்கும் குதிகால் நுனிக்கும் நடுவே ஒரு குறுகிய சுரங்கம். அதற்குள் மூன்று தசைநாண்கள், ஒரு தமனி, அதன் சிரைகள், உள்ளங்காலுக்குப் போகும் பிரதான நரம்பு. கர்ப்பப்பைப் புள்ளி என்று ஆழமாக அழுத்துவது நேராக அந்த நரம்பின் மேல்தான். ஆரோக்கியமானவருக்கும் கூசும். விரல் நுனியால் அங்கே மெல்லத் தட்டும்போது உள்ளங்காலுக்குள் குறுகுறுப்பு ஓடினால், இரவில் எரிச்சலும் இருந்தால், நரம்பு அங்கே நெரிபடுகிறது. அங்கு மேலும் அழுத்துவது நெரிபட்ட நரம்பை நாமும் சேர்ந்து நெரிப்பது. வெளிப்பக்கப் பள்ளம் பழைய சுளுக்குகளின் இருப்பிடம். ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள தசைநார் வலியைத் தக்கவைத்திருக்கும். காலை எப்போதாவது பிரட்டிக்கொண்டீர்களா என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

ஒரு பக்கக் காலில் மட்டும் வலி என்றால் முதுகையும் மறக்க வேண்டாம். முதல் திருவெலும்பு நரம்புவேர் நெருக்கப்பட்டால் பாதத்தின் வெளிவிளிம்பு, சுண்டுவிரல், உள்ளங்காலில் மதமதப்பு வரும், நுனிக்காலில் நடக்கத் தடுமாறும். ஐந்தாம் இடுப்பு வேர் என்றால் பாத மேற்புறமும் பெருவிரலும், பெருவிரலை எதிர்விசைக்கு எதிராகத் தூக்க முடியாது. இருமினாலோ முக்கினாலோ காலுக்குள் இறங்குகிற வலிக்குப் பாதத்தில் மருந்தில்லை.

மெல்லழுத்தம்

படிகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் துறை பரப்பிய தவறு அது.

யூரேட் படிகம் (யூரிக் அமிலப் படிகம்தான்) முடியின் தடிமனைவிடச் சிறியது. விரலுக்குத் தட்டுப்படாது. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் படிகம் உருவாகும் சூழலே வருகிறது. அதுவும் பெரும்பாலும் மூட்டுக்குள். நெருநெருப்பாகப் படுவது குதிகால் கொழுப்பை அறை அறையாகப் பிரிக்கும் நார்த்தடுப்புகள், இறுகிய சவ்வின் இழைகள், எலும்பு மேட்டின் மேல் நழுவும் தசைநாண். வளைவின் உள்பக்கப் பட்டையில் பயறு அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ நகராத உருண்டை இருந்தால் அது சவ்வில் வளரும் நார்க்கட்டி. பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால் அதை நசுக்க முயன்றால் வலி கூடும். 'உடைப்பது' என்ற எண்ணத்தில் கைக்குச்சியால் அரைத்து ரத்தம் கட்ட வைப்பதுதான் மறுநாள் வரும் புது வலிக்குக் காரணம்.

நிஜ கௌட், அதாவது அந்தப் படிகத்தால் வரும் மூட்டு அழற்சி, வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் பெருவிரல் அடிமூட்டில், இரவில் தொடங்கிச் சில மணி நேரத்தில் சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே தாங்காது. அந்தக் காலைத் தொடவே கூடாது.

தசைநாண்

குதிகால் விட்டுப்போயிற்று. இடுப்பு, சயாட்டிக் மண்டலம் என்று அழுத்துகிற இடம். நால்வகை வலி அங்கே குழம்பிக் கிடக்கும்.

குதிகாலின் முன்விளிம்பில், உள்பக்கமாக ஒரே புள்ளியில் வலி. காலையில் படுக்கையை விட்டு வைக்கும் முதல் சில அடிகள் கொடூரம், நடக்க நடக்கத் தணிவு. இது சவ்வு ஒட்டும் இடத்துப் பாதிப்பு. ஸ்கேனில் சவ்வு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கும். எக்ஸ்ரேயில் குதிகாலில் தெரியும் எலும்பு முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய. இதற்குத் தேய்ப்பதைவிட நீட்டல் பயன்படும். உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து வளைவு விறைக்கும்படி 10 விநாடி பிடிக்க வேண்டும். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை படுக்கையிலிருந்து கால் தரையில் படுவதற்கு முன்பே.

குதிகாலின் நட்டநடுவில், கல்லின் மேல் நிற்பது போன்ற வலி, நிற்க நிற்கக் கூடுகிறது என்றால் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கிறது. வயதானவர்களுக்கு வரும். இங்கே ஆழமான அழுத்தம் நேர் எதிரான காரியம். மெத்தென்ற குதிகால் தாங்கி வேண்டும்.

குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கினால் வலிப்பது எலும்பு வலி. பெரியவர்களிடம் உளைச்சல் முறிவு, 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் வளர்தட்டின் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) அழற்சி.

இரு குதிகாலும், இளவயதில், காலை விறைப்பு அரை மணிக்கு மேல், கூடவே கீழ்முதுகிலும் விறைப்பு என்றால் அது பாதத்தோடு நிற்கிற நோயல்ல. முடக்குவாத மருத்துவரிடம் போக வேண்டியது.

தோலையும் விட்டுவிடாதீர்கள். பித்தவெடிப்பு ஆழமாகிச் சதை தெரிந்தால் அந்த மண்டலம் வலிக்காமல் என்ன செய்யும்? கால் ஆணி நேராக அழுத்தினால் வலிக்கும். மரு இரு பக்கமும் கிள்ளினால் வலிக்கும், மேலே தோல் ரேகைகள் அறுந்து கரும்புள்ளிகள் தெரியும், தொற்றும். கண், காது மண்டலமான விரலிடுக்குகளில் பூஞ்சைப் பிளவு இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

வேர்க்கால்

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில்தான் எனக்குப் பயம். எங்கே நிறுத்துவது?

நரம்புத்தடம்

அவர்களிடம் வலிக்கிற மண்டலத்தைவிட வலிக்காத மண்டலம் ஆபத்தானது. இரு பாதங்களிலும் விரல் நுனியிலிருந்து காலுறை போல ஏறும் எரிச்சல், மரத்துப்போதல் நரம்பு பாதிப்பின் அடையாளம். வைட்டமின் பி12 குறைவிலும் இதே படம் வரும், ரத்தப் பரிசோதனையில் தெரியும். கை வைக்கும் முன் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். பெருவிரல் அடி, முதல், மூன்றாம், ஐந்தாம் எலும்புத் தலைகளின் அடி ஆகிய இடங்களில் நைலான் இழை வளையும்வரை ஓரிரு விநாடி வைப்பார்கள். காய்த்த தோலின் மேல் வைக்கக்கூடாது. உணரவில்லை என்றால் குச்சியும் ஆழ அழுத்தமும் அந்தக் காலுக்கு இல்லை. ஒரு பாதம் மட்டும் வீங்கி, மறு பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேல் சூடாக, ஆனால் வலி குறைவாக இருந்தால் எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்க்கோ பாதம் என்பார்கள். நடக்கவே விடாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

படுத்தால் பாதம் கடுத்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் தணிகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பு. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு கூடுதல் கவனம். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

வேர்க்கால்

வந்தவர் "எந்த உறுப்பு?" என்று விடாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மெல்லழுத்தம்

வலிக்கிற இடத்தை அவர் விரலாலேயே தொடச் சொல்லுங்கள். 0 முதல் 10 வரை எண் கேளுங்கள். மறு காலில் அதே இடத்தை அதே அழுத்தத்தில் சோதித்து அந்த எண்ணையும் குறியுங்கள். எப்போது கூடுகிறது, எந்தக் காலணி, என்ன வேலை, எரிச்சலா குத்தலா மதமதப்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "உங்கள் இடது பாதத்தில் மூன்றாம் நான்காம் விரல்களுக்கு நடுவே அழுத்தும்போது விரலுக்குள் ஓடுகிறது, வலது காலில் இல்லை. காலணியின் முன்பக்கம் குறுகலாக இருக்கிறது. இரண்டு வாரம் அகலமானதைப் போட்டுப் பாருங்கள். குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்." உறுப்பின் பெயரை அவர் மறுபடி கேட்டாலும், பாதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அழுத்தத்தை 10க்கு 3, அதிகம் போனால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தாலோ மூச்சைப் பிடித்தாலோ அங்கேயே பாதியாகக் குறையுங்கள். வலி மறுநாளும் நீடித்தாலோ, தோலில் ரத்தம் கட்டியிருந்தாலோ அந்த இடத்தை அடுத்த அமர்வில் விட்டுவிட்டு, சுற்றியுள்ள கெண்டைக்காலையும் விரல்களையும் மட்டும் தளர்த்துங்கள்.

வேர்க்கால்

இரு கால் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஒரு தாள் வரைந்துகொண்டிருக்கிறேன். வலது, இடது, தொட்ட இடம், வலியின் தன்மை, விரலை வளைத்தபோது, காலணி என்று ஆறு கட்டம். உறுப்புக்கென்று கட்டம் வைக்கவில்லை.

தசைநாண்

தோலுக்கு ஏழாவது கட்டம் ஒன்று போடுங்கள். காய்ப்பு, வெடிப்பு, நிறமாற்றம், சூடு. கை வைப்பதற்கு முன்பே நிரப்ப வேண்டிய கட்டம் அது.